வீட்டுக்கு ஒரு பேர்

யால்பேனி ஊர்ச்சபையில் முதல் தடவை "அப்தோன்" என்று பேர் கூப்பிட்டபோது, "இருக்கேன்" என்று ஒரு பெண்குரல் வந்தது. ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்தோனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுடோய்" என்றான் ஒருவன்.

"தொண்டை இல்லப்பா, வடக்கே போயி பாவாடை வாங்கிக் கட்டியிருக்கான்" என்றான் இன்னொருவன்.

அப்தோனின் பெண்டாட்டி எர்மீலா கடைசி பெஞ்சில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அடங்கியதும் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பேருக்கு அவள்தான் "இருக்கேன்" சொன்னாள். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு அதில் சிரிக்க என்ன இருந்தது என்பதே மறந்துபோனது.

எங்கள் ஊர் வழக்கம் அது. அரசாங்கம் என்று ஒன்று மலைக்குக் கீழே நகரத்தில் இருக்கிறதே தவிர, ரோட்டில் விழுந்த மண்ணை அள்ளுவதும், குழாயைக் காப்பதும், குடித்துவிட்டு அடித்துக்கொள்பவனைப் பிடித்து அடைப்பதும் நாங்கள்தான். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துச் செய்யவேண்டும். கூலி கிடையாது. முதல் படி தொப்பில். கையில் தடியோடு சபைக் கட்டடத்திலேயே படுத்துக் கிடந்து, ஏவிய இடத்துக்கெல்லாம் ஓடுகிற சேவகன். அதற்கு மேல் பள்ளிக்கூடக் குழு, ஆஸ்பத்திரிக் குழு, தண்ணீர்க் குழு, சபை உறுப்பினர் என்று ஏறவேண்டும். எல்லாப் படியும் ஏறி முடித்த வீட்டிலிருந்துதான் தலைவர் வரலாம். நடுவில் எகிறிக் குதிக்க முடியாது, நீ எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும். ஒரு படிகூட ஏறாதவனுக்குச் சபையில் வாய் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, செத்தால் ஊர்க் கல்லறையில் ஆறடி மண்ணும் இல்லை. செய்கிற சேவை வீட்டுத் தலைவன் பேரில் சேரும்.

காப்பி விலை விழுந்த வருஷம் அப்தோன் வடக்கே எல்லை தாண்டி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனான். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். "ரெண்டே வருஷம், வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். போனவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தை மாசமே அவனுக்குத் தொப்பில் முறை வந்தது. மற்ற வீடுகளில் கூலிக்கு ஆள் பிடித்து அனுப்புவார்கள். எர்மீலா யோசித்துப் பார்த்தாள். தன் கைகால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தடியை எடுத்துக்கொண்டு தானே போய் நின்றாள்.

அந்த வருஷம் சந்தையில் குடித்துவிட்டு ரகளை செய்த எலேசரை அவள்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய் அடைத்தாள். எலேசர் பிற்பாடு குடியை விட்டு, ஊருக்கே நியாயம் சொல்லும் பெரிய மனிதராகி, சபைச் செயலாளரும் ஆனார். "எங்கம்மாகூட என்னை அப்படி இழுத்ததில்ல" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஆஸ்பத்திரிக் குழுவில் இருந்தபோது, மழையில் ரோடு போய்விட்ட ஒரு நாள், எலேசரின் மருமகளுக்கு வலி எடுத்தது. டாக்டர் கீழே ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. எர்மீலா அவளை நாற்காலியில் வைத்துக் கட்டி, மூன்று ஆண்களோடு நான்காவது தோளாகத் தன் தோளைக் கொடுத்து, சரிந்த மண்ணின் மேலேயே நடந்து, அந்தப் பக்கம் நின்ற லாரியில் ஏற்றினாள். குழந்தை பிழைத்தது. அடுத்து எங்கள் ஊர் நேஸ்தோரின் பெண்டாட்டிக்கு அப்படி ஆனபோது பிழைக்கவில்லை. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. எர்மீலா அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததை ஊரே பார்த்தது. மழைக்காலம் முழுக்க ஒரு டாக்டரை ஊரிலேயே தங்கவைக்காமல் தன் கட்டை வேகாது என்று அவள் சொல்ல ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். உறுப்பினரானபோது நகரத்து அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தாள். "தலைவர் வந்து கேட்டாத்தான் ஆகும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். இருந்த தலைவர்களுக்கோ திருவிழா வாத்தியக் கோஷ்டியைப் பற்றி யோசிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அவளுக்குப் பதவி ஆசை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். இருந்தது. நிறையவே இருந்தது. தலைவர் கோலைத் தன் கையில் வாங்கி, அதோடு போய் அந்த அலுவலகத்தில் நிற்கவேண்டும் என்று தூக்கத்தில்கூட நினைத்தாள்.

ஒரு தப்புச் செய்தாள். தண்ணீர்க் குழுவில் இருந்த வருஷம் எலேசரே அவளைத் தேடி வந்து கேட்டார்.

"எர்மீலா, உன் பேரைத் தனியாச் சேத்துடட்டுமா? புருஷன் ஊர்ல இல்லாதவங்க கேட்டா சபை ஒத்துக்கும். இனிமே செய்யறது உன் பேர்ல நிக்கும்."

"அப்ப அவர் பேரு?"

"அவன் பேருக்கு அவன்தான் செய்யணும். செய்யலேன்னா அடிபட்டுப் போகும்."

அவள் சிரித்துவிட்டாள். "போங்கண்ணே. ரெண்டு பேரும் ஒண்ணுதானே. அவர் திரும்பி வந்தா நிக்கறதுக்கு ஒரு பேர் வேண்டாமா?"

அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஊரில் யாருக்கும் தெரியவில்லை. உத்தமி என்றுதான் சொன்னோம். வேறெந்த ஊர்க்காரி கேட்டாலும் இது ஒரு தப்பா என்று கேட்பாள்.

போன வருஷம் கடைசியில் தலைவர் தேர்தல் வந்தது. சபையில் பெண்களும் இருந்தே ஆகவேண்டும் என்று நகரத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் முணுமுணுத்தார்கள்; ஆனால் எர்மீலா என்றதும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. எல்லாப் படியும் ஏறியவர்கள் ஊரில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அவர்களில் குடிக்காதவர், கோபப்படாதவர் என்று பார்த்தால் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள்.

"இந்தத் தடவை நீதான்டி" என்றாள் பக்கத்து வீட்டுத் தோமாசா. அவள் புருஷன் காப்பிக் காட்டில் பாம்பு கடித்துச் செத்தவன். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு அவள் பேரையே கூப்பிடுகிறார்கள். "கோலை வாங்கற அன்னிக்குக் கட்டிக்க நல்ல பாவாடை இருக்கா உன்கிட்ட?"

"மொதல்ல கை தூக்கட்டும்க்கா."

"தூக்காம? தூக்காதவன் கையை நானே முறிச்சிடறேன்."

சபை கூடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் அப்தோன் வந்து இறங்கினான். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு பெரிய பெட்டியோடு. முடி கொட்டியிருந்தது. தோட்ட வேலை செய்து செய்து முழங்கால் இரண்டும் போயிருந்தன. ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் நிற்கவேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தான். அளவு பெரிதாக இருந்தது. அவள் காகிதத்தைத் திணித்துப் போட்டுக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை மறைப்பானேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் ஒரு ஆணின் இருமல் கேட்டது.

மூன்றாம் நாள் பீன்ஸ் சாற்றில் சோள ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே அப்தோன் சொன்னான்:

"அங்க நம்ம ஊர்க்காரங்க எனக்கு விருந்தே வெச்சாங்க தெரியுமா. இந்தத் தடவை அப்தோன் பேருதான் தலைவருக்கு அடிபடுதுன்னு ஒரே பேச்சு."

எர்மீலா அடுப்பில் ரொட்டியைத் திருப்பப் போன கையை அப்படியே நிறுத்தினாள்.

"என்னைத்தான்யா சொல்லியிருப்பாங்க."

"அதான். ஒண்ணுதானே ரெண்டும்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னான். அடுப்பில் ரொட்டி கருகியது. செய்தது அவள்தான் என்று சபையில் அவனே எழுந்து சொல்வான், அவன் நல்ல மனுஷன், என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தகரக் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் சபை கூடியது. பனி இறங்கிக் குளிராக இருந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். எலேசர் கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்கட்டியோடு நின்று, தலைவருக்குப் பேர் சொல்லச் சொன்னார்.

தோமாசா முதல் ஆளாக எழுந்து, "எர்மீலா" என்றாள். கைதட்டினார்கள். பெண்கள் பக்கம் மட்டும் இல்லை. நான் பார்த்தேன், ஆண்கள் பக்கமும்தான்.

எலேசர் எழுதக் கையைத் தூக்கியபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அப்தோன்" என்றார்கள். அதற்கும் கைதட்டினார்கள். சாக்கட்டி நின்றது.

"ரெண்டும் ஒரே வீடு" என்றார் எலேசர். "வீட்டுக்கு ஒரு பேர்தான் எழுத முடியும்."

"அப்ப எர்மீலான்னு எழுதுங்க" என்றாள் தோமாசா. "தொப்பிலா நின்னது யாரு? குழாய் ஒடஞ்சப்ப இடுப்பளவு தண்ணில நின்னது யாரு? உங்க மருமகளைத் தூக்கிட்டுப் போனது யாருண்ணே? இவரு அப்ப எங்க இருந்தாரு, அமெரிக்காவுல புல்லு வெட்டிட்டு."

சிரித்தார்கள். அப்தோனும் கொஞ்சம் சிரித்தான்.

"செஞ்சது அவதான், யாரு இல்லேங்கறது" என்றார் எலேசர். "எந்தப் பேருக்குச் செஞ்சாங்கறதுதான் கேள்வி. எர்மீலா, உன்னையே கேக்கறேன். நீ சொல்றதைச் சபை ஏத்துக்கும். எல்லாம் உன் சேவைன்னு சொன்னா உன் பேரை எழுதறேன். ஆனா அப்ப, அப்தோன் ஒரு படிகூட ஏறலேன்னு ஆகும். அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷம் முன்னால்தான், சேவை செய்யாமல் வடக்கே இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவனுக்குத் தண்ணீரை நிறுத்தி, ஊரைவிட்டே அனுப்பினோம். கை தூக்கி அனுப்பியவர்களில் எர்மீலாவும் ஒருத்தி. அப்தோனை அனுப்பினால் அவன் எங்கே போவான்? திரும்ப எல்லை தாண்ட அந்த முழங்காலால் முடியுமா?

எர்மீலா எழுந்து நின்று அவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவ செஞ்சது அவளுக்கே இருக்கட்டும், நான் தொப்பிலா ஆரம்பிக்கறேன், ஒரு வருஷம் பொறுத்துக்குங்க" என்று சொல்லியிருந்தால் இந்த ஊர் உருகிப்போய் ஒத்துக்கொண்டிருக்கும். எங்களை எனக்குத் தெரியும், நாங்கள் அவ்வளவு கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. ஆனால் கேட்கவேண்டியவன் கேட்கவேண்டும். அப்தோன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, இங்கே தாழி பக்கத்திலேயே தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் அந்த மௌனத்துக்காக அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தோமாசா அவள் சால்வை நுனியைப் பிடித்து இழுத்து, "சொல்லுடி, சொல்லித் தொலையேன்டி" என்றாள்.

"அவர் பேர்லதான் செஞ்சேன்" என்றாள் எர்மீலா.

எலேசர் கரும்பலகையில் அப்தோன் என்று எழுதினார். இன்னும் இரண்டு பேர் பேரும் எழுதப்பட்டன. கை தூக்கச் சொன்னார். அப்தோனுக்குத் தூக்கியபோது மைதானம் முழுக்கக் கைகள். தங்கள் வீட்டுக்காக வந்திருந்த பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள். அவளுக்குத் தூக்குவதாக நினைத்துக்கொண்டு தூக்கினார்கள். எர்மீலாவின் கையும் பழக்கத்தில் மேலே போயிருந்தது. எலேசர் எண்ணிக்கொண்டே வந்தவர் அவளிடம் நின்றார்.

"கையை எறக்கும்மா" என்றார் மெதுவாக. "வீட்டுக்கு ஒரு கை. அப்தோன் தூக்கியிருக்கான்."

அவள் இறக்கினாள். அப்புறம் அங்கே உட்கார்ந்திருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. எழுந்து, சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஊர் முழுக்கவுக்குமாகச் சில பெண்கள் சாறு காய்ச்சிக்கொண்டிருந்த கொட்டகைக்குப் போனாள். பெரிய ஷூ நடக்கும்போது கழன்று கழன்று வந்தது. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். எர்மீலா ஊறிய சோளத்தை எடுத்து அம்மியில் அரைக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் தோமாசா வந்தாள். அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"என்னை ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான சபை உறுப்பினராப் போட்டுட்டாங்கடி" என்றாள். "சபையில பொம்பள வேணுமாம்ல, படிகூடப் பாக்கல. உன் பேரைச் சொன்னேன். ஒரே வீட்டுல ரெண்டு பதவி கூடாதாம். எனக்கு என்னடி தெரியும்? ஒரு டாக்டர்கிட்ட நிமிந்து பேச வருமா எனக்கு?"

"நல்லாச் செய்வேக்கா."

"நல்லாச் செய்வேனா? நான் என்னடி செஞ்சேன் இந்த ஊருக்கு? தொப்பிலா ஒரு வருஷம், ஸ்கூல் கூட்டினது ஒரு வருஷம். என் மனுஷன் செத்தான், எனக்குப் பேர் வந்துச்சு. அவ்வளவுதான். அவன் உசுரோட இருந்தா இன்னிக்கு நானும் இங்கதான் அரைச்சிட்டிருப்பேன்." அவள் சால்வையில் மூக்கைத் துடைத்தாள். "உனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லாமப் போச்சே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எர்மீலா தலையை நிமிர்த்தவில்லை. அரைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அவன் அங்கேயே, ஏதோ ஒரு தோட்டத்தில், ஒரு வெயில் நாளில் சுருண்டு விழுந்திருந்தால்? தகவல் வந்திருக்கும். மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். ஒரு வருஷம் கறுப்பு உடுத்தியிருப்பாள். அடுத்த சபையில் எலேசர் "எர்மீலா" என்று கூப்பிட்டிருப்பார். இன்றைக்குக் கரும்பலகையில் அந்தப் பேர் இருந்திருக்கும், இவ்வளவு கையும் அதற்கு விழுந்திருக்கும், வரும் மழைக்கு டாக்டர் வந்திருப்பார். எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒரே ஒரு சாவுதான் குறைச்சல்.

தான் இதை நினைத்தோம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தோற்றது பெரிதில்லை, ஊரில் தோற்றவர்கள் எத்தனையோ பேர். இருபது வருஷம் ஒரு மனுஷனுக்காக "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவன் வந்து இறங்கிய மாசத்திலேயே ஏன் இருக்கிறான் என்று நினைக்கிறவளாகத் தன்னை ஆக்கிவிட்டார்களே. யார் ஆக்கினார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. நாங்கள் எல்லாரும்தான்.

சாயங்காலம் மெஸ்கால் சாராய வாசனையும் கழுத்தில் பூமாலையுமாக அப்தோன் வீட்டுக்கு வந்தான். ஏற்றம் ஏறிய வலியில் முனகிக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டே பேசினான்.

"நீ சொல்லு, நான் செய்யறேன், எர்மீலா. எனக்கு என்ன தெரியும் இங்க? கோலு என் கையில, பேச்சு உன் பேச்சு. சத்தியமா."

அவள் சாற்றை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"டாக்டரு விஷயம்கூட நானே போய்க் கேக்கறேன். எந்த ஆபீஸுன்னு மட்டும் சொல்லு."

அவள் சொன்னாள். எந்த ஆபீஸ், எந்த மாடி, யாரைப் பார்க்கவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். இரண்டு தடவை மாடியைத் தப்பாகத் திருப்பிச் சொன்னான்.

சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"நம்ம ஊர் லியோன்சியோ அங்க ஆஸ்பத்திரியில அனாதையாக் கெடந்து செத்தான். எரிச்சு ஒரு டப்பாவுல குடுத்தாங்க. ஒரு படிகூட ஏறாதவன்னு ஊர்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க. நானும் அப்படித்தான் போயிருப்பேன்" என்றான். "நீதான் எர்மீலா, நீதான் என்னைச் சாக விடல."

எர்மீலா அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள்.

"ஆமா" என்றாள். "நான்தான் விடல."